காளையை முந்த ஒரு டர்போ

கோபி: கோணியை மறுபடி அவுக்காதீங்க மச்சான்... ஒரு தடவை பாத்துட்டேன், போதும்.

நாகராசு: நல்லாப் பாருடா மாப்ள. டர்போ. ஒரிஜினல்.

கோபி: டர்போதான், இல்லைங்கல. ஆனா இது லாரி டர்போ. நீங்க என் ஷெட்டுல கொண்டாந்து நிப்பாட்டியிருக்கிறது இண்டிகா.

நாகராசு: இருக்கட்டுமே. பெருசா இருந்தா நல்லதுதானே?

கோபி: அண்டாவைத் தலையில கவுத்தா அது தொப்பியாகிருமா?

நாகராசு: டேய்... திருச்சி காயலான் கடையிலேருந்து பஸ்ஸுல மடியிலயே வச்சுத் தூக்கியாந்திருக்கேன். பக்கத்து சீட்டு அம்மா, "பரங்கிக்காயாண்ணே? என்ன வெலை?"ன்னு கேட்டுச்சு.

கோபி: என்ன சொன்னீங்க?

நாகராசு: விக்கிறதுக்கு இல்லைன்னேன்.

கோபி: வித்துட்டே வந்திருக்கலாம்.

நாகராசு: எங்கக்கா மகனா இருந்தா இந்நேரம் ஒதைச்சிருப்பேன். பொண்டாட்டி தம்பியாப் போயிட்ட. மாட்டுடா இதை.

கோபி: எங்க மாட்டுறது? பானெட்டைத் தூக்கிப் பாருங்க. இங்கிட்டு பேட்டரி, அங்கிட்டு ரேடியேட்டர். இது உள்ள போனா என்ஜின் வெளிய வந்துதான் ஆகணும்.

நாகராசு: பானெட்டுல ஒரு ஓட்டையைப் போட்டு மேல எட்டிப் பாக்க விட்டுருவோம்.

கோபி: மழை பெஞ்சா?

நாகராசு: மூடி போடு. ஒரு சட்டியைக் கவுத்து.

கோபி: மச்சான்... டர்போன்னா என்னான்னு தெரியுமா ஒங்களுக்கு?

நாகராசு: தெரியாமலா வாங்குவேன்? வண்டி வேகமாப் போறதுக்கு மாட்டுற சாமான்.

கோபி: எப்புடி வேகமாப் போகும்?

நாகராசு: அதை மாட்டுறவன்தான் சொல்லணும்.

கோபி: இந்தா... இந்தப் பக்கம் ஒரு காத்தாடி, அந்தப் பக்கம் ஒரு காத்தாடி. நடுவுல ஒரு தண்டு. சைலன்சருக்குப் போற புகை இருக்குல்ல, அது இந்தக் காத்தாடியைச் சுத்தும். இது சுத்துனா அதுவும் சுத்தும். அது வெளிக்காத்தை இழுத்து அமுக்கி என்ஜினுக்குள்ள தள்ளும். காத்து கூடுனா டீசலைக் கூட்டலாம். டீசல் கூடுனா இழுவை கூடும்.

நாகராசு: அடுப்புல ஊதாங்குழல் வச்சு ஊதுற மாதிரி.

கோபி: ஆங்... அதேதான்.

நாகராசு: அப்ப வாயி பெருசா இருந்தா நல்லா ஊதலாம்ல? நான் சொன்னது சரிதானே?

கோபி: சுத்துறதுக்குப் புகை வேணும் மச்சான்! லாரி விடுற புகைக்கு இது சுத்தும். நம்ம வண்டி விடுற புகைக்கு ஒரு கொசு கூட இருமாது. இது சோம்பல் முறிச்சு எந்திரிச்சு சுத்த ஆரம்பிக்கிறதுக்குள்ள, மாடு போய்க் கொடியைத் தொட்டுட்டு, திரும்பி வந்து, வைக்கோல் தின்னுட்டுப் படுத்துரும்.

நாகராசு: ...மாடா? நான் எங்கடா மாட்டைப் பத்திப் பேசுனேன்?

கோபி: பேசலைல்ல?

நாகராசு: நார்த்தாமலை போறப்ப ஏத்தத்துல வண்டி முக்குது, அதுக்குத்தான் டர்போன்னு சொன்னேன்.

கோபி: நார்த்தாமலையில வண்டி எங்க மலையேறுது? கீழ நிப்பாட்டிட்டு நடந்துதானே ஏறுவோம்?

நாகராசு: ...நிப்பாட்டுற எடமும் லேசா ஏத்தந்தான்.

கோபி: மச்சான்... ஊரே பாத்துருச்சு.

நாகராசு: எதை?

கோபி: வீடியோவை.

நாகராசு: எந்த வீடியோ?

கோபி: கறம்பக்குடி ரோட்டுல மாட்டுவண்டி எல்கைப் பந்தயம் நடந்தப்ப, அடைக்கலத்தண்ணன் வண்டி ஒங்க இண்டிகாவை முந்திட்டுப் போச்சே... அந்த வீடியோ.

நாகராசு: நான் வழி விட்டேன்டா.

கோபி: வழி விட்டவரு எதுக்கு ஹார்ன் அடிச்சுக்கிட்டே பின்னால தொரத்துனீங்க?

நாகராசு: வாழ்த்துச் சொன்னேன்.

கோபி: வண்டியில நின்ன துணைச் சாரதி திரும்பி ஒங்களுக்கு டாட்டா காட்டுறான் மச்சான்!

நாகராசு: தெரிஞ்ச பய. அதான் நானும் காட்டுனேன்.

கோபி: வீடியோவே அதுதான் மச்சான். நீங்க பதிலுக்கு டாட்டா காட்டுறீங்கல்ல... அந்த எடத்தைத்தான் திரும்பத் திரும்ப ஓட விட்டுருக்கானுவ. பாட்டெல்லாம் போட்டு.

நாகராசு: சிரிக்காத. சிரிச்சே ஆகணும்னா ஸ்பேனரைக் கீழ வச்சுட்டுச் சிரி, கால்ல போட்டுக்கப் போற.

கோபி: இல்ல மச்சான்... சிரிக்கலை... இருமுறேன்.

நாகராசு: மாட்டுவண்டியாவது பரவாயில்லைடா. நேத்து மீன்காரர் மொபட்டுல போனாரு. பெட்டி நெறைய மீனு. என்னைத் தாண்டிப் போயி, நிப்பாட்டி, "கெழங்கா மீனு இருக்கு, வேணுமாண்ணே?"ன்னு கேட்டுட்டு, மறுபடி என்னைத் தாண்டிப் போறாரு.

கோபி: வாங்குனீங்களா?

நாகராசு: வாங்குனேன். அது வேற விசயம்... இந்தாரு, ஒண்ணு சொல்றேன். ஒங்கக்காகிட்டச் சொல்லக் கூடாது.

கோபி: அக்காகிட்ட நானாப் போயி எதையுமே சொல்றதில்லை மச்சான்.

நாகராசு: டீக்கடையில ஒரு வார்த்தை விட்டுப்புட்டேன்.

கோபி: என்ன வார்த்தை?

நாகராசு: "ஞாயித்துக்கெழமை நம்மூருத் திருவிழாப் பந்தயம் முடியட்டும். பரிசு குடுத்து முடிச்சதும், ரோட்டைத் தொறந்து விடுறதுக்கு முன்னாடி, நானும் ஒன் மாடும் எல்கைக் கொடி வரைக்கும் ஓடிப் பாப்போம்டா"ன்னு அடைக்கலத்துக்கிட்டச் சொல்லிப்புட்டேன்.

கோபி: நீங்க ஓடுறீங்களா, காரு ஓடுதா?

நாகராசு: காருடா!

கோபி: இல்ல, நீங்க ஓடுனா ஜெயிக்க ஒரு வழி இருக்கு... அதான் கேட்டேன்.

நாகராசு: சிங்கப்பூர்ல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுனவன்டா நான்.

கோபி: அது பின்னாடி போறப்பதான் வேகமாப் போகும்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க.

நாகராசு: பேச்சை முடிக்க விடு! தோத்த ஆளு திருவரங்குளம் பஸ் ஸ்டாப்புல ஃபிளெக்ஸ் வைக்கணும். ஆளு ஒசரத்துக்கு. கையெடுத்துக் கும்புடுற மாதிரி போட்டோ. "என் காரை முந்தி என் கண்ணைத் திறந்த காளைகளுக்கு நெஞ்சார்ந்த நன்றி! இவண், நாகராசு, சிங்கப்பூர்."

கோபி: சிங்கப்பூரையும் போடணுமா?

நாகராசு: அது அடைக்கலம் சேத்தது. அவனுக்கு ஒரு வயித்தெரிச்சல்.

கோபி: மாடு தோத்தா?

நாகராசு: மாட்டுக்காரவுக கும்புட்டு நிக்கணும்.

கோபி: மாட்டுக்காரவுகன்னா... அடைக்கலத்தண்ணன் மட்டுமா... இல்ல, எல்லாருமா?

நாகராசு: யாரு யாரு மாட்டுக்குச் சொந்தமோ அம்புட்டுப் பேரும். ஏண்டா ஒனக்கு இப்புடி வேர்க்குது?

கோபி: வெல்டிங் சூடு மச்சான்.

நாகராசு: நீ வெல்டிங்கே வைக்கலையே.

கோபி: வைக்கப் போறேன்ல... அதை நெனச்சு.

நாகராசு: வெளையாடாத மாப்ள. நம்ம பாப்பாவோட ஸ்கூல் வேன் அந்த ஸ்டாப்புலதான் நிக்குது. தெனம் காலையில அவ அப்பன் மாட்டைக் கும்புட்டுக்கிட்டு நிக்கிறதைப் பாத்துக்கிட்டே புள்ள வேன் ஏறணும். கூட ஏறுற புள்ளைக சும்மா இருக்குமா? நெனச்சாலே எனக்குச் சோறு எறங்கலை.

கோபி: காலையில எங்க வீட்டுல இட்லி எறங்குச்சே.

நாகராசு: இட்லி வேற, சோறு வேற. எனக்கு நெசமாவே அசிங்கமா இருக்குடா. ஏதாச்சும் பண்ணு.

கோபி: ...சரி, உக்காருங்க. நெதானமாப் பேசுவோம். மொதல்ல இந்தப் பரங்கிக்காயை மறந்துருங்க. இந்தக் காத்தாடியைப் புடிச்சு ஆட்டிப் பாருங்க.

நாகராசு: ஆடுது.

கோபி: ஆடக் கூடாது.

நாகராசு: லேசாத்தான் ஆடுது. அது ஒரு குஷியில ஆடுது.

கோபி: தண்டு தேஞ்சு போச்சு மச்சான். உள்ள பாருங்க, ஆயில் ஒழுகிக் கெடக்கு. இதை மாட்டுனா ஆயிலை எல்லாம் என்ஜின் குடிச்சிரும். பந்தயத்தன்னைக்கு ஒங்க பின்னாடி வர்ற சனத்துக்கு ரோடே தெரியாது. கொசு மருந்து அடிக்கிற வண்டின்னு நெனச்சு வீட்டுக் கதவைத் தொறந்து விடுவாக.

நாகராசு: அப்ப வேற எது நல்லது?

கோபி: போன்ல ஆர்டர் போட்டா டப்பாவுல வர்ற புது டர்போ இருக்கு. ஆயில் பைப்பு, கேஸ்கெட்டு எல்லாம் கூடவே வந்துரும். ஆனா எந்த என்ஜினுக்குப் பண்ணுனானுவன்னு அவனுவளுக்கே தெரியாது. நம்ம வண்டிக்கு எல்லாத் தொளையையும் மாத்தி மாத்திப் போடணும்.

நாகராசு: போடு. எப்ப வரும்?

கோபி: திருவிழா முடிஞ்சு.

நாகராசு: அப்ப வேணாம். அடுத்தது?

கோபி: அடுத்ததுதான் நமக்குச் சரியானது. இண்டிகாலயே டர்போ வச்சு வந்த மாடல் இருக்கு. அந்த வண்டியிலேருந்து கழட்டுன சின்ன டர்போ. புகை வாங்குற மேனிஃபோல்டையும் சேத்தே கழட்டிக்கிட்டு வந்தா அச்சுல வார்த்த மாதிரி உக்காந்துரும். சின்னதுங்கிறதால சட்டுன்னு சுத்தும். கால் வச்சதும் இழுக்கும்.

நாகராசு: விசில் சத்தம் வருமா?

கோபி: வரும். காதை வச்சுக் கேட்டா கேக்கும்.

நாகராசு: ஊருக்கே கேக்கணும்டா. டீக்கடை பெஞ்சுல உக்காந்திருக்கிறவன் திரும்பிப் பாக்கணும்.

கோபி: அப்ப பானெட்டுக்குள்ள குக்கரை வச்சுக்கங்க.

நாகராசு: சரி, சத்தம் வேணாம். அது போதுமா?

கோபி: போதாது. அமுக்குன காத்து சூடாகிரும். அதை ஆத்தி உள்ள அனுப்ப இன்டர்கூலர் வைக்கணும். ரேடியேட்டர் மாதிரி இருக்கும், பம்பருக்குப் பின்னாடி.

நாகராசு: ஏசி காத்தை அங்கிட்டுத் திருப்பி விட்டுருவோமா?

கோபி: ஒங்க ஏசியில காத்து வருதா?

நாகராசு: சத்தம் வருது.

கோபி: அப்புறம் டீசல் பம்பைத் திருகி டீசலைக் கூட்டணும். ரொம்பக் கூட்டுனா ஹெட் கேஸ்கெட் போயிரும். வயசான என்ஜின், அம்புட்டு அமுக்கம் தாங்காது. கொஞ்சமாத்தான் ஊத விடணும். அப்புறம் இன்னொண்ணு... ஜெயிச்சு முடிச்சதும் சாவியைத் திருப்பிட்டு எறங்கி ஆடக் கூடாது. டர்போ சூட்டுல இருக்கும். கொஞ்ச நேரம் என்ஜின் சும்மா ஓடணும்.

நாகராசு: உக்காந்தபடியே ஆடலாம்ல?

கோபி: அது ஒங்க இஷ்டம்.

நாகராசு: அப்ப அதையே வாங்கு. எங்க கெடைக்கும்?

கோபி: கோயம்புத்தூர்ல சொல்லி வைக்கணும்.

நாகராசு: எப்ப வரும்?

கோபி: ...திருவிழா முடிஞ்சு.

நாகராசு: எதைக் கேட்டாலும் திருவிழா முடிஞ்சு! நீ எந்தக் கட்சிடா? எங்கட்சியா, மாட்டுக் கட்சியா?

கோபி: மாட்டுக் கட்சியா? நானா? என்ன மச்சான் இப்புடிக் கேட்டுட்டீங்க...

நாகராசு: முன்னல்லாம் இந்த வண்டி என்னமாப் போச்சு! அந்த ஊருணியில எறங்குனதுலேருந்துதான் இப்புடி.

கோபி: எறங்கலை மச்சான். விழுந்தீங்க.

நாகராசு: ஆட்டுக்குட்டி குறுக்க வந்துச்சு, ஒடிச்சேன், எறங்கிருச்சு. ஜேசிபி வச்சுத் தூக்குனதுக்கப்புறம் நீதானே சரி பண்ணிக் குடுத்த? மிதி மிதின்னு மிதிக்கிறேன், சைக்கிளுக்குப் பின்னாடியே போவுது. என்னான்னு கேட்டா நீதான் சொன்ன, "தண்ணி குடிச்ச என்ஜின் மச்சான், இனிமே மூச்சுத் திணறல் இருக்கும்"னு. அதான் மூச்சு ஊதுற சாமானாத் தேடிப் போயி வாங்கியாந்திருக்கேன்!

கோபி: ...நான் சொன்னதுக்கா வாங்குனீங்க?

நாகராசு: பின்னே? எனக்கென்ன டர்போ கனவுலயா வந்துச்சு?

கோபி: அய்யோ... அது நான் சும்மா ஒரு பேச்சுக்கு... மச்சான், அக்கா ஸ்கூட்டி சத்தம்.

நாகராசு: கோணியை மூடு! மூடுடா!

சுகுணா: என்னத்தை மூடுறீங்க ரெண்டு பேரும்?

நாகராசு: பரங்கிக்காய்.

சுகுணா: பரங்கிக்காயா?

கோபி: நல்ல முத்துன காய்க்கா.

சுகுணா: இங்கிட்டுக் கொண்டாங்க, சாயங்காலம் புளிக்கொழம்பு வச்சுருவோம்.

நாகராசு: இது... இது வெதைக்கு விட்டது.

சுகுணா: ஏங்க, கோணியிலேருந்து கருப்பா என்னமோ ஒழுகுது.

நாகராசு: பரங்கிக்காய்ப் பால்.

சுகுணா: ம். நல்லது. சோறு கொண்டாந்திருக்கேன், கையைக் கழுவிட்டு வாங்க. தின்னுட்டு அந்த டர்போவை என்ன பண்றதுன்னு பேசுவோம்.

நாகராசு: டர்போன்னு யாரு சொன்னா ஒனக்கு? மாப்ள!

கோபி: நானாப் போயிச் சொல்றதில்லைன்னு சொன்னேன் மச்சான். கேட்டா மறைக்கிறதில்லை.

சுகுணா: அவனை ஏன் வையிறீங்க? டீக்கடையில நீங்க பேசுனது நீங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே வந்துருச்சு. எங்கிட்ட ஏங்க மறைச்சீங்க?

நாகராசு: நீ பயப்படுவேன்னுதான்.

சுகுணா: பயப்படாம? அன்னைக்கு ஊருணிக் கரையில வந்து நின்னா, தண்ணிக்கு மேல வண்டிக் கூரை மட்டும் தெரியுது. ஒங்களைக் காணோம். நான் செத்துப் பொழச்சேன்.

நாகராசு: நான் அந்தக் கரையில டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன்.

சுகுணா: அது எனக்கு எப்புடித் தெரியும்? நீங்க கடல் தாண்டி இருந்தப்பக் கூட நான் இப்புடி நடுங்குனதில்லை. வேகமும் வேணாம், ஒண்ணும் வேணாம். போயி அந்த அண்ணன்கிட்ட, வெளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லிருங்க.

நாகராசு: சொல்ல மாட்டேன். பாப்பா மூஞ்சியில நான் எப்புடி முழிப்பேன்? டேய் மாப்ள, இந்த டர்போதான். பானெட்டை வெட்டு. பூசையைப் போட்டு ஆரம்பிச்சுருவோம். எலுமிச்சம்பழம் வாங்கி வச்சிருக்கேன்.

கோபி: டர்போவுக்குப் பூசையா?

நாகராசு: மாட்டுக்கு மட்டும் கொம்புல சந்தனம் வைக்கிறானுவ, என் வண்டிக்கு ஒரு எலுமிச்சம்பழம் கூடாதா? இந்தா, மொதப் பழம் ஸ்டேரிங்குக்கு முன்னால... எலே... போச்சு, உருண்டுருச்சு.

கோபி: எங்கிட்டு?

நாகராசு: கீழ. ஆக்சிலேட்டருக்கு அடியில.

கோபி: எடுக்காதீங்க!

சுகுணா: ஏங்க, சோறு ஆறுது!

நாகராசு: ஏன் ரெண்டு பேரும் ஒண்ணாக் கத்துறீங்க? பழம்தானே உருண்டுச்சு?

கோபி: நான் எடுக்கிறேன் மச்சான்... ஒங்களுக்கு இடுப்புப் புடிக்கும்...

நாகராசு: என் இடுப்புக்கு என்ன? தள்ளு... கையில ஆம்புட்டுருச்சு... இல்ல, இது பழம் இல்ல. கெட்டியா இருக்கு. ரப்பர் மேட்டுக்கு அடியில... இதென்னடா? கட்டை!

கோபி: எங்க?

நாகராசு: ஆக்சிலேட்டருக்குக் கீழ! மரக்கட்டை! ஸ்க்ரூ வச்சு முடுக்கியிருக்கு. கருப்புப் பெயிண்டு வேற.

கோபி: அது... கால் வைக்கிற கட்டை மச்சான். முட்டி நோவாம இருக்க.

நாகராசு: இது இருந்தா எப்புடிடா ஆக்சிலேட்டர் கீழ எறங்கும்?

கோபி: கொஞ்சம் எறங்கும்...

நாகராசு: நான் இம்புட்டு நாளா மிதிச்சது ஆக்சிலேட்டரை இல்ல, கட்டையை!

கோபி: வேப்பங்கட்டை. நல்ல ஒறுதி.

நாகராசு: மூச்சுத் திணறல்னு சொன்னியேடா!

கோபி: அதுவும் ஒரு மாதிரி மூச்சுத் திணறல்தானே மச்சான்...

நாகராசு: எவன் வைக்கச் சொன்னான்?

கோபி: எவனும் இல்ல...

சுகுணா: நான்தான். அவனை ஒண்ணும் சொல்லாதீங்க. ஊருணியிலேருந்து வண்டியைத் தூக்குன அன்னைக்கே, இனிமே இது வேகமாப் போகக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். அவன் மாட்டேன்னுதான் சொன்னான்.

நாகராசு: அப்புறம்?

கோபி: அப்புறம் அக்கா அழுதுச்சு. நான் வேப்பமரத்துல ஏறுனேன்.

நாகராசு: எடு அதை. இப்பவே எடு.

கோபி: அக்கா...?

நாகராசு: அவளை என்னடா பாக்குற? வண்டி யாருது?

சுகுணா: ...எடுத்துருடா தம்பி.

கோபி: எடுத்தாச்சு. மச்சான், மெதுவா... மொதல்ல மெதுவா மிதிச்சுப் பாருங்க...

நாகராசு: ஏறு மாப்ள!

கோபி: நான் எதுக்கு... அய்யோ! மச்சான்! கோழி! கோழி!

நாகராசு: பாத்துட்டேன்!

கோபி: பால்காரரு!

நாகராசு: தாண்டிட்டேன்டா! பால்காரரைத் தாண்டிட்டேன்! மாப்ள, அந்தா மினி பஸ்ஸு!

கோபி: வேணாம் மச்சான்... அதுவும் கூட்டமாப் போவுது... திரும்பிருவோம்... பிரேக்கு... அது நம்ம ஷெட்டு போர்டு!

சுகுணா: ஏங்க! பாத்து!

நாகராசு: நின்னுருச்சு. பாத்தியா? கோட்டுல நிக்கிற மாதிரி நின்னுருச்சு. டர்போவாவது மண்ணாங்கட்டியாவது! இந்தப் பரங்கிக்காயை யாருக்கு வேணும்னாலும் குடுத்துரு.

கோபி: எனக்குக் கொஞ்சம் தண்ணி குடுக்கா...

நாகராசு: சுகுணா, ஞாயித்துக்கெழமை பாரு. எம்பின்னாடி தூசியில வரப் போறானுவ. பஸ் ஸ்டாப்புல மாட்டுக்காரவுக வரிசையாக் கும்புட்டு நிப்பாக. பாப்பா வேன் ஏறுறப்ப நான் பக்கத்துல நின்னு ஒவ்வொரு மூஞ்சியாக் காட்டுவேன்... ஏன், ரெண்டு பேரும் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க?

கோபி: ஒண்ணும் இல்ல மச்சான்.

நாகராசு: இந்தா பாரு சுகுணா. பயந்து வச்ச, சரி. அதுக்கு எனக்குக் கோவம் இல்ல. எம்மேல இம்புட்டுப் பயம் வச்சிருக்கியேன்னு சந்தோஷம்தான். ஆனா பந்தயம்னு தெரிஞ்ச பெறகாச்சும் எடுத்திருக்கலாம்ல? கட்டையோட ஓட்டுனா நான் தோத்துருவேன்னு தெரியாதா ஒனக்கு?

சுகுணா: தெரியும்.

நாகராசு: புருசன் சிங்கப்பூருன்னு பேரைப் போட்டு மாட்டைக் கும்புட்டு நிக்கட்டும்னு விட்டுட்ட? அந்த அடைக்கலத்து மேல அப்புடி என்ன பாசம்?

சுகுணா: அவுக மேல எனக்கென்ன பாசம்?

நாகராசு: பின்னே மாட்டு மேலயா?

கோபி: அக்கா... சொல்லிரு. இனிமே மறைச்சா வம்பு.

நாகராசு: என்னத்தைடா சொல்லணும்?

சுகுணா: அந்த வண்டியில வலத்து மாடுதாங்க அடைக்கலத்தண்ணனுது.

நாகராசு: இருக்கட்டும். ஜோடிக்கு ஆளுக்கொரு மாடு போட்டு ஓட்டுறது எல்லா ஊருலயும் இருக்கிறதுதானே. மைக்குல ஒருத்தன் பேரைத்தான் சொல்லுவானுவ. எடத்து மாடு எவனுது?

சுகுணா: எவனுதும் இல்லைங்க, என்னுது... "அந்தக் கன்னுக்குட்டியை வித்துரு"ன்னு சிங்கப்பூர்லேருந்து போன்ல சொன்னீங்கல்ல, எனக்கு மனசு வரலை, கோபி வீட்டுல கட்டி வளத்தேன், நீங்க ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி அடைக்கலத்தண்ணன் தொழுவத்துக்கு மாத்திட்டேன். கட்டையைத்தான் எடுத்தாச்சே, ஞாயித்துக்கெழமை நீங்கதான் ஜெயிப்பீங்க... பஸ் ஸ்டாப்புல கும்புட்டு நிக்கிறதுக்கு நான் எந்தச் சேலையைக் கட்டட்டும், அதை மட்டும் சொல்லுங்க.